மஞ்சள் இல்லை என்று சொன்னேன்

ஜூன் 12

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். உறையின் பின்பக்கம் இருப்பது நூலகத்து விலாசம். பதிலை அங்கேயே போடு. நூலக மேடத்திடம் கேட்டு வைத்திருக்கிறேன். "யாருடி அது, ரகசியக் கடிதம்?" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என் அக்கா, மேடம். நர்ஸ் படிப்புக்காக வீட்டை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. அப்பா இன்னும் அவகிட்ட பேசறதில்ல" என்றேன். உடனே ஒத்துக்கொண்டார். அவரும் யாருக்கோ அக்காவாக இருக்க வேண்டும்.

நாங்கள் வீடு மாறிவிட்டோம். அப்பாவுக்குப் பூச்சிமருந்துக் குடோனில் ஸ்டோர்கீப்பர் வேலை. தங்குவதற்கு மாடி அறையையும் கொடுத்திருக்கிறார்கள். கீழே மருந்து, மேலே நாங்கள். தரை மரப்பலகை. கீழே விளக்குப் போட்டால் இடுக்குகள் வழியாக வெளிச்சம் கோடு கோடாக மேலே வரும். அந்தக் கோடுகளில் உட்கார்ந்து படிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. "பூச்சிமருந்துக்கு மேல ஒரு புத்தகப்பூச்சி. பொழைச்சுக்குவியா?" என்று அப்பா சிரித்தார். சாமான் இறக்கிய களைப்பிலும் சிரித்தார்.

எனக்கு வாசனை எல்லாம் நிறமாகவும் வரும் என்பது உனக்கு நினைவிருக்கும். சோப்புக்கு வெளிர்நீல வளையம், புதுப் புத்தகத்துக்குப் பழுப்புப் புள்ளிகள், அம்மா விட்டுப்போன புடவைக்கு ரோஜா நிறம். இந்தக் குடோன் மஞ்சள், அக்கா. அழுக்கு மஞ்சள். நனைந்த துணியைத் தொங்கவிட்டதுபோல இடது கண்ணின் ஓரத்தில் நிற்கிறது. முதல் நாள் எனக்குக் குமட்டியது. அப்பா இருமிக்கொண்டே இருந்தார்.

மூட்டை இறக்குகிற ஒருவர் இருக்கிறார். எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். ஆமை வேகத்தில் நடப்பார், அதனால். அவர் சொன்னார்: "ஒரு வாரம் பொறு பாப்பா. மூக்கு பழகிடும். பழகிட்டா வாசமும் இல்ல, நாத்தமும் இல்ல." அவருடைய மனைவி மட்டும் பழகவில்லையாம். தெருக்குழாயில் குளித்தால்தான் அவரை வீட்டுக்குள் விடுகிறாளாம். "கட்டின புருஷனைவிட அவளுக்கு மூக்கு பெருசு" என்றார்.

உன்னை நினைத்துக்கொண்டு,
பூச்சி

---

ஜூன் 19

என் புத்தகப்பூச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன். உறையைப் பிரித்ததும் லேசாக மருந்து வாசனை. என் அறைத்தோழி எட்டிப் பார்த்து, "என்னடி, லவ் லெட்டரா, மூட்டைப்பூச்சி மருந்து விளம்பரமா?" என்றாள். என் தங்கை என்றேன். "வாசனையான தங்கச்சி" என்றாள். அவளுக்கு வாய் நீளம், மனசு தங்கம்.

இங்கே விடிந்தால் வார்டு, அடைந்தால் பரீட்சை. கால் வீங்கிவிடுகிறது. ஆனாலும் பிடித்திருக்கிறது. இதை அப்பாவிடம் சொல்ல ஆளில்லை என்பதுதான் குறை.

ஜன்னலைத் திறந்தே வை. கை கழுவாமல் சாப்பிடாதே. அப்பா வேலை செய்யும்போது வடிகட்டி வைத்த முகமூடி போடுகிறாரா? துணி கட்டிக்கொண்டால் போதாது.

அவர் என்னைப் பற்றிக் கேட்டாரா? கேட்கவில்லை என்றால் அதை எழுத வேண்டாம்.

அக்கா

---

ஜூலை 3

அன்புள்ள அக்கா,

எனக்கு வேலை கிடைத்துவிட்டது! சிரிக்காதே, முழுதாகப் படி.

போன வாரம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு கீழே போனேன். மூன்றாவது வரிசைக்குப் பின்னால் மஞ்சள் திடீரென்று தடித்தது. துணி மாதிரி இருந்தது சுவர் மாதிரி ஆயிற்று. "அப்பா, அங்க ஏதோ ஒழுகுது" என்றேன். எக்ஸ்பிரஸ் அண்ணன் மோந்து பார்த்து, "எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு" என்றார். அப்பா டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். ஒரு டின்னின் மூடி பிளந்து, தரையில் எண்ணெய் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது! ஆறு மூட்டைகள் அடியில் நனைந்திருந்தன. அப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து தினமும் காலையில் படிக்கட்டில் நின்று கேட்கிறார்: "பூச்சி, இன்னிக்கு மஞ்சள் எப்படி?" நான் கதவுக்குள் தலையை நீட்டிப் பார்த்துச் சொல்வேன். உண்டு என்றால் முகமூடி போட்டுக்கொண்டு எல்லா டின்னையும் தடவிப் பார்ப்பார். இல்லை என்றால் முகமூடி ஆணியிலேயே தொங்கும். அதைப் போட்டால் அவருக்கு மூச்சு முட்டுகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது. "ஒழுகறதைக் கண்டுபிடிக்க மெஷின் எதுக்கு? என் பொண்ணு இருக்கா" என்று முதலாளியிடமே சொன்னார்.

அக்கா, சின்ன வயதில் இதைச் சொன்னதற்குத்தானே என்னை மாந்திரீகரிடம் காட்டலாமா என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள்? இப்போது முதல்முறையாக இது ஒரு உபயோகத்துக்கு வந்திருக்கிறது.

அப்பா உன்னைப் பற்றிக் கேட்டாரா என்றாயே, அதற்கு நீ சொன்னபடியே எழுதாமல் விடுகிறேன்.

பூச்சி (மஞ்சள் துறை அதிகாரி)

---

ஜூலை 27

அன்புள்ள அக்கா,

நூலகத்தில் ஒரு நல்ல புத்தகம் கிடைத்தது. நம்முடைய உடம்பைப் பற்றியது. என்னைப் போன்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். ஒரு புலனைத் தட்டினால் பக்கத்துப் புலனும் சேர்ந்து எழுந்துகொள்ளும். சிலருக்குச் சத்தம் நிறமாக வருகிறது, சிலருக்கு எழுத்துக்குச் சுவை இருக்கிறது. நோய் இல்லை, பிசாசு இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்னொரு அத்தியாயம் பழகிப்போவதைப் பற்றி. மூக்கு புது வாசனைக்குத்தான் மணி அடிக்குமாம். அதே வாசனை நின்றுகொண்டே இருந்தால் மணியை நிறுத்திவிடும். காட்டில் அலைந்த காலத்தில் அது தேவையாக இருந்தது. பக்கத்திலேயே ஓடுகிற ஆற்றின் சத்தம் காதை விட்டுப் போனால்தான் புதரில் சருகு நொறுங்குவது கேட்கும். கேட்டவர்கள் பிழைத்தார்கள், அவர்களுடைய பிள்ளைகள்தான் நாம். நான் யோசித்தேன்: எல்லாருடைய மூக்கும் பழகிப்போன கூட்டத்தில், பழகாத ஒருத்தி வேண்டும் இல்லையா? அதற்காகத்தான் என்னைப் போல ஒருத்தி பிறக்கிறாளோ? நூலக மேடத்திடம் கேட்டேன். அவர், "இந்தப் புத்தகத்தை வீட்ல எங்க வெச்சிருந்தே?" என்று கேட்டு, அதை ஜன்னல் ஓரமாகத் தனியாக வைத்தார்.

பள்ளியில் என் பக்கத்துப் பெண் இடம் மாறிவிட்டாள். நான் அதிகம் பேசுகிறேன் போலிருக்கிறது. இப்போது பெஞ்சில் நான் மட்டும்தான், கையை நீட்டி எழுதலாம். கரும்பலகையைப் பார்த்தால் தலை வலிக்கிறது. கண்ணாடி போட வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. மஞ்சள் குறைந்துகொண்டே வருகிறது. இரண்டு வாரமாகச் சுத்தமாக இல்லை! அப்பா டின்களை ஒழுங்காக அடுக்கியதால்தான். தினமும் "இல்லை" என்று சொல்கிறேன், முகமூடியில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது.

அப்பாவுக்குத்தான் வேலை அதிகம். உட்கார்ந்திருக்கும்போதே வியர்க்கிறது. வாயில் எச்சில் ஊறுகிறது என்று கைக்குட்டையும் கையுமாக இருக்கிறார். அறை இருட்டாக இருக்கிறது என்று இரண்டு தடவை பல்பு மாற்றினார். எனக்கு வெளிச்சம் சரியாகத்தான் இருந்தது. அவருக்கு இடது கண் துடித்துக்கொண்டே இருக்கிறது. "கண்ணு துடிச்சா விருந்தாளி வருவாங்க சார்" என்றார் எக்ஸ்பிரஸ் அண்ணன். "எனக்கு யாருய்யா விருந்தாளி" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

அம்மா புடவையின் ரோஜா நிறம் இப்போதெல்லாம் வருவதில்லை. பழசாகிவிட்டது போல.

பூச்சி

---

ஜூலை 31

பூச்சி,

இதை நூலகத்திலேயே உட்கார்ந்து, மெதுவாகப் படி.

மஞ்சள் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதத்தை நான் பிரித்ததும் என் அறைத்தோழி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை. ஜூன் மாதக் கடிதத்தில் லேசாக இருந்தது. ஜூலைத் தொடக்கத்தில் வந்ததைப் பெட்டியில் துணிகளோடு வைத்திருந்தேன், என் சீருடைக்கெல்லாம் ஏறிவிட்டது. இந்தக் கடைசிக் கடிதத்தைக் கையில் பிடித்துப் படிக்க முடியவில்லை. மேசையில் வைத்து, தள்ளி நின்று படித்தேன்.

உன் தாளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. குடோனில் மருந்து குறையவில்லை, கூடியிருக்கிறது. மணி அடிப்பதை நிறுத்தியது உன் மூக்கு. உனக்கு நிறம் தனிக்கதவு வழியாக வருவதாக நினைத்தாய். வாசனையும் நிறமும் உள்ளே வருவது ஒரே வாசல் வழியாகத்தானே, பூச்சி?

அப்பாவின் வியர்வை, எச்சில், கண் துடிப்பு, இருட்டு எல்லாவற்றையும் எங்கள் ஆசிரியையிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "பியூப்பிளைப் பார்க்கச் சொல்லு" என்றார். பியூப்பிள் என்றால் கண்மணி. மங்கலான இடத்தில் அது விரிந்து பெரிதாக இருக்க வேண்டும், இந்த மருந்து உடம்பில் ஏறினால் சுருங்கிப்போகும். அப்பாவுடையது எப்படி இருக்கிறது என்று பார். உன்னுடையதையும் கண்ணாடியில் பார்.

இரண்டு நாள் வெளியே எங்காவது தங்கு. நூலக மேடத்தைக் கேள். உடுத்தின துணியைத் துவைத்துப் போடு, தலைக்குக் குளி. பிறகு திரும்பி வந்து கதவைத் திற.

அப்பாவுக்கு ஆறு தடவை போன் செய்தேன். என் எண் என்று தெரிந்ததும் வெட்டிவிடுகிறார். விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னைப் பயமுறுத்தக் கூடாது என்று பார்த்தேன், பயப்படு. இந்தத் தடவை பயப்படுவதுதான் நல்லது.

அக்கா

---

ஆகஸ்ட் 8

அக்கா,

நூலக மேடம் வீட்டில் இரண்டு நாள் தங்கினேன். பரீட்சைக்குத் தன் வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதாக அப்பாவிடம் அவரே வந்து சொன்னார். அவர் வீட்டுச் சோப்பின் வளையம் முதல் நாள் வரவில்லை. இரண்டாம் நாள் காலையில் வந்தது, மிக மெல்லிசாக, நீலமாக. குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

நேற்று சாயங்காலம் திரும்பினேன். கதவைத் திறந்தேன்.

அக்கா, அறை இல்லை. சுவர், கட்டில், என் புத்தக அடுக்கு, எதுவும் இல்லை. தரையிலிருந்து உத்தரம் வரை மஞ்சள். பலகை இடுக்குகள் ஒவ்வொன்றிலிருந்தும் எழும்பிக்கொண்டிருந்தது. அந்த இடுக்குகளின் மேல் உட்கார்ந்துதான் நான் படித்தேன். அதன் நடுவில் அப்பா உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார். பொத்தான் துளைக்குள் போகவில்லை. "வந்துட்டியா? விளக்கைப் போடு, ஒண்ணும் தெரியல" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

பக்கத்தில் போய்க் கண்ணைப் பார்த்தேன். கண்மணி பென்சில் முனை அளவுக்குத்தான் இருக்கிறது.

அம்மா புடவையை எடுத்து முகத்தில் வைத்தேன். அதுவும் மஞ்சள்.

"அப்பா, இங்க இருக்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன்.

"என்னடி திடீர்னு?"

"மருந்து நிறைய இருக்குப்பா. நம்ம உடம்புக்குள்ள போயிடுச்சு."

"நீதானே இல்லேன்னே? நேத்து முந்தாநாள் வரைக்கும் நீதானே சொன்னே?"

அவர் விடவில்லை. "யார் சொல்லிக்கொடுத்தா? அந்த நூலகக்காரம்மாவா?" நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு. "ஒன்றரை வருஷம் படிச்சதுக்குள்ள டாக்டராயிட்டாளாமா? எனக்கு என் மூக்கு இருக்கு. அதுக்கு மேல உன் மஞ்சள் இருக்கு. அவ சொல்லி நான் ஒரு அடி நகர மாட்டேன்."

கண்ணாடியில் பார்த்தேன். என் கண்மணி அவருடையது அளவுக்கு இல்லை. ஆனாலும் சின்னதாகத்தான் இருக்கிறது.

இன்று காலையிலும் படிக்கட்டில் நின்று கேட்டார்: "மஞ்சள் எப்படி?" நிறைய இருக்கு என்றேன். "அவ சொல்லிக்கொடுத்ததைச் சொல்றே" என்று முகமூடி இல்லாமலே உள்ளே போனார். இதை எழுதும்போது அவர் உள்ளேதான் இருக்கிறார். டின் உருளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இப்போது கேட்கவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

இருக்கிறார். குந்தியபடி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். "போ, படி" என்கிறார். எக்ஸ்பிரஸ் அண்ணனை வாசலிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் எண் அப்பா போனில் மட்டும்தான் இருக்கிறது, அதை அவர் என்னிடம் தருவதில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வந்து சேர நான்கு நாள் ஆகும். நான்கு நாள், அக்கா.

பூச்சி

---

ஆகஸ்ட் 12

பூச்சி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. தபால்காரர் போவதற்குள் எழுதுகிறேன். நாளை மறுநாள் விடுப்பு, புறப்பட்டுவிடுவேன். அதுவரை காத்திருக்க வேண்டாம்.

அவர் என்னை நம்பமாட்டார். உன்னை நம்பினார். அதனால் நீ சொன்னதை நீதான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். "மஞ்சள் இருக்கிறது" என்று சொல்லாதே, அதையும் உன் வித்தை என்றுதான் எடுத்துக்கொள்வார். நீ தப்பாகச் சொன்னாய் என்று சொல். எத்தனை நாள் தப்பு என்று சொல். அவருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும்.

என்னை நடுவில் இழுக்காதே. என் சண்டை எங்கும் ஓடிப்போகாது.

அக்கா

---

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்கா,

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஊர்ப் பக்கம் வெள்ளம், பஸ் ஓடவில்லை என்று மேடம் பேப்பரில் பார்த்துச் சொன்னார். அதனால்தான் நீ இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் அப்பா படிக்கட்டில் நின்று வழக்கம்போலக் கேட்டார். அக்கா, உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. ஜூலை நடுவிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சாப்பாட்டின் நிறம் தெரியவில்லை, புடவையின் நிறம் தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து போகுமா என்று யோசித்தேன். ஆனால் "என் பொண்ணு இருக்கா" என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தெரியவில்லை என்று சொன்னால் நான் மறுபடி வெறும் பூச்சியாகிவிடுவேன். சில நாள் கதவுக்குள் தலையை நீட்டக்கூட இல்லை. படிக்கட்டிலிருந்தே "இல்லை" என்றேன்.

இதை எல்லாம் அப்படியே அவரிடம் சொன்னேன். "இல்லேன்னு சொன்னப்போ எனக்குத் தெரியலப்பா. மூணு வாரமா தெரியாமலே தெரிஞ்ச மாதிரி சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். ஆணியில் தொங்கிய முகமூடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குடோன் கதவைச் சாத்தி, பூட்டுப் போடப் போனார். சாவி துளைக்குள் போகவில்லை. பொறுமையாக மூன்று தடவை முயன்றார். நான்காவது தடவை சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, "நீ பூட்டு. வா போலாம்" என்றார். பாதி வழியில் முழங்கால் மடங்கியது. எக்ஸ்பிரஸ் அண்ணன் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அவர் ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஊசி போட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய ஏதோ ஒன்று கால்வாசிகூட இல்லையாம், திரும்ப ஊற வாரக்கணக்காகும் என்கிறார்கள். எனக்கும் பரிசோதித்தார்கள், பாதி இருக்கிறது. எக்ஸ்பிரஸ் அண்ணனுக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "வீட்ல யாரு முதல்ல கவனிச்சது?" என்று டாக்டர் கேட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பெரியவ" என்றார்.

எனக்குப் பயம் போகவில்லை, அக்கா. இந்த வராந்தாவுக்கும் ஒரு வாசனை இருந்தது, முதல் நாள் வெள்ளையாகக் குத்தியது. இன்று தெரியவில்லை. போய்விட்டதா, பழகிவிட்டேனா? எதற்கெல்லாம் பழகியிருக்கிறேன் என்று எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் எந்நேரமும் யோசிக்கிறேன்.

இந்த உறையில் இரண்டாவது தாள் ஒன்று இருக்கும். அதில் ஒன்றும் எழுதியிருக்காது. நான் எழுத மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அது அப்பாவுடையது. நான் உனக்கு எழுதுவதைப் பார்த்து ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். பேனாவை நீட்டினேன், வேண்டாம் என்றார். தாளை மடித்துச் சட்டைக்குள், நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஒரு பகல் முழுக்க அப்படியே படுத்திருந்தார். சாயங்காலம் எடுத்து மூக்கில் வைத்து, நெடுநேரம் இழுத்து மோந்து பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்கு?"

"எனக்கும் தெரியலப்பா" என்றேன். இந்தத் தடவை அதுதான் உண்மை.

தாளை என்னிடம் கொடுத்தார். "அவளுக்கு அனுப்பு. இன்னும் நாத்தம் அடிக்குதான்னு பார்த்துச் சொல்லச் சொல்லு."

பஸ் ஓடத் தொடங்கினால் நேரே வந்து சொல். இல்லையென்றால் பதில் எழுது. நூலகத்துக்கு வேண்டாம். ஆண்கள் வார்டு, பதினொன்றாம் கட்டில் என்று, அப்பா பெயருக்கே போடு.

உன்,
பூச்சி